9 வயதுப் பிள்ளையை ஊர்வலத்துக்கு அனுப்பலாமா? பர்மிங்காம், 1963

வாசகர் கேள்வி: அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போய்ச் சிறையை நிரப்பியதைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். என்னால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. எட்டு, ஒன்பது வயதில் ஒரு பிள்ளைக்கு நிறவெறியைப் பற்றி என்ன தெரியும்? பெரியவர்கள் பின்னால் நின்றுகொண்டு பிள்ளைகளை நாய்க்கு முன்னால் தள்ளியதுதானே நடந்தது?

மே 3, இரவு 10.15

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் மனதை உறுத்துகிறது. பெரியவர்கள் பின்னால் நிற்கவில்லை. அலபாமாவின் பர்மிங்காம் நகரத்தில் போராட்டத்தை முன்னின்று நடத்திய போதகர் ஃபிரெட் ஷட்டில்ஸ்வர்த் வீட்டில் 1956 கிறிஸ்துமஸ் இரவு குண்டு வெடித்தது. அடுத்த வருடம் தன் பெண்களை வெள்ளையர் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கப் போனவரை வாசலிலேயே சங்கிலியால் அடித்தார்கள், மனைவிக்குக் கத்திக்குத்து விழுந்தது, கூட வந்த மகளுக்குக் கார்க் கதவில் கால் நசுங்கியது. 1963 ஏப்ரல் 3 அன்று அங்கே நிறப்பிரிவினைக்கு எதிரான போராட்டம் தொடங்கியபோது முதலில் கைதானவர்களும் பெரியவர்கள்தான். மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 12, புனித வெள்ளியன்று உள்ளே போனார். சிக்கல் என்னவென்றால், அதற்கு மேல் ஆள் வரவில்லை. இரும்பாலையில் வேலை பார்த்தவருக்கு முதலாளி வெள்ளைக்காரர், வீட்டுவேலை செய்த பெண்ணுக்கு எஜமானி வெள்ளைக்காரி, குடியிருந்த வீட்டுக்கு உரிமையாளரும் பெரும்பாலும் அவர்களே. ஒரு நாள் சிறையில் இருந்தால் மறுநாள் அடுப்பு எரியாது. அப்போதுதான் கிங்கோடு வேலை செய்த இளம் போதகர் ஜேம்ஸ் பெவல் பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்றார். அவர்களுக்கு இழக்க வேலை இல்லை. தேவாலயத்தில் உறுப்பினராகும் வயது வந்தால் இதற்கும் வயது வந்ததாகத்தான் அர்த்தம் என்பது அவர் வாதம். கிங் தயங்கினார், அப்புறம் ஒத்துக்கொண்டார்.

மே 2, வியாழக்கிழமை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியை விட்டு வந்து 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடினார்கள். அங்கிருந்து ஐம்பது ஐம்பது பேராகக் கைகோத்துப் பாடிக்கொண்டே வெளியே வந்தார்கள், வந்த வரிசையெல்லாம் கைதானது. போலீஸ் வண்டி போதாமல் பள்ளிப் பேருந்துகளைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். மறுநாள் காவல்துறை, தீயணைப்பு இரண்டையும் கையில் வைத்திருந்த புல் கானர் தண்ணீர்க் குழாயையும் நாய்களையும் இறக்கினார். மரத்தின் பட்டை உரிகிற அழுத்தத்தில் வந்த தண்ணீர் அது. ஊர்வலத்தில் வந்த ஒரு பையனின் வயிற்றை நோக்கி நாய் பாய்கிற படம் உலகம் முழுக்கப் போனது.

என் மகளுக்கும் 9 வயதுதான். அவள் கேட்டிருந்தால் நான் விட்டிருப்பேன்.

மே 3, இரவு 10.50

ஒன்றை விட்டுவிட்டேன். பிள்ளைகளுக்குச் சேதி போனது வானொலியில். கறுப்பினத்தவர் கேட்கும் நிலையங்களின் அறிவிப்பாளர்கள், பூங்காவில் ஒரு விருந்து இருக்கிறது, வரும்போது பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து வாருங்கள் என்கிற மாதிரி பாட்டுக்கு நடுவில் சொன்னார்கள். பெரியவர்களுக்கு அது விளையாட்டுப் பேச்சு. வெளியில் தங்கப் போகிறோம், அதுவும் சிறையில் என்று பிள்ளைகளுக்குப் புரிந்தது. இதை என் மகளிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அப்போ அவங்களுக்கு முன்னாடியே தெரியுமா, ராத்திரி வீட்டுக்கு வர மாட்டோம்னு?" என்று கேட்டாள்.

மே 4, காலை

கேள்வியின் முதல் பாதிக்கு வருகிறேன். என்ன தெரியும் என்று கேட்கிறீர்கள். பிள்ளைகளுக்குச் சட்டப்பிரிவு தெரியாமல் இருக்கலாம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

செருப்புக்கடைக்குப் போகுமுன் அம்மா காகிதத்தில் பாதத்தை வைத்து வரைந்துகொள்வார். பல கடைகளில் கறுப்புப் பிள்ளை காலைப் போட்டுப் பார்க்கக் கூடாது, அந்தக் காகிதத்தை வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். தெற்கில் வளர்ந்த பலரும் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். துணிக்கடையில் காசு வாங்கிக்கொள்வார்கள், அதே கடையின் சாப்பாட்டு மேசையில் உட்கார விடமாட்டார்கள். ஒரு குழந்தையைக் கடைக்குக் கூட்டிப் போனவர்களுக்குத் தெரியும், துணியைவிட அந்தச் சுழலும் முக்காலிதான் அதன் கண்ணில் படும். ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை.

நகரத்தின் பொருட்காட்சி மைதானத்தில் குழந்தைகளுக்கான ராட்டினப் பூங்கா ஒன்று இருந்தது. விளக்கு தெரியும், பாட்டு கேட்கும், உள்ளே போக முடியாது. ஏன் என்று கேட்டால் அப்பா ஏதோ சொல்லி மழுப்புவார். மழுப்புவதும் பிள்ளைக்குத் தெரியும். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டு, டோமினோ, செக்கர்ஸ் ஆடக் கூடாது என்று அந்த நகரத்தில் சட்டமே இருந்தது. பூங்காக்களை எல்லோருக்கும் திறக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டபோது 1962 தொடக்கத்தில் நகர நிர்வாகம் பூங்கா, நீச்சல்குளம், விளையாட்டு மைதானம் எல்லாவற்றையும் மொத்தமாக இழுத்து மூடியது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். அதற்கு அடுத்த வருடம்தான் இந்த ஊர்வலம். ஆடுகிற இடம் பூட்டிக் கிடந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டு பள்ளிக்குப் போன பிள்ளைகள் இவர்கள். இவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்கிறோம்.

அப்புறம் கேளுங்கள், சிறை நிரம்பி வழிந்தபோது பிள்ளைகளைக் கொண்டுபோய் அடைத்த இடங்களில் அந்தப் பொருட்காட்சி மைதானமும் ஒன்று.

மே 4, மாலை

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது என்கிற தொனி வந்துவிட்டது. அது சரியில்லை. கீழே ஒரு அக்கா கேட்டிருக்கிறார், "ஆறு வயதுக் குழந்தைக்குமா?" என்று. நியாயமான கேள்வி.

நியூ ஆர்லியன்ஸில் 1960 நவம்பர் 14 அன்று ரூபி பிரிட்ஜஸ் என்ற 6 வயதுச் சிறுமி, அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குள் நுழைந்தாள். சுற்றி நாலு மத்தியக் காவலர்கள், வெளியே கத்திக்கொண்டிருந்த கூட்டம். அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? அந்த ஊரில் வருடாவருடம் மார்டி கிரா திருவிழாவுக்கு இப்படித்தான் கூட்டம் கூடிச் சத்தம் போடும், பொருட்களை வீசும். அதுதான் நடக்கிறது என்று நினைத்தாள். ஒருத்தி சின்னச் சவப்பெட்டியில் கறுப்புப் பொம்மையை வைத்துக் காட்டியதுதான் அவளை நடுங்க வைத்தது. அது பிள்ளைக்குப் புரிகிற மொழி. வெள்ளைக்காரப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அந்த வருடம் முழுக்க ஒரே ஆசிரியை, ஒரே மாணவி. விஷம் வைப்பேன் என்று ஒருத்தி மிரட்டியதால் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாடுதான். அப்பாவுக்கு வேலை போனது.

ரூபியை யாரும் ஊர்வலத்துக்குக் கூப்பிடவில்லை. மற்ற பிள்ளைகளைப் போலப் பள்ளிக்குத்தான் அனுப்பினார்கள். ஆகவே பிள்ளைகளை இதில் இழுக்காமல் இருந்திருக்கலாமே என்கிற பேச்சில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஊர்வலம் போகாத பிள்ளையும் அதற்குள்தான் இருந்தது. ஆறு வயதும் ஒன்பது வயதும் ஒன்றில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். "கறுப்பர்களுக்கான தண்ணீர்" என்று குழாயில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, தண்ணீர் கலர் கலராக வரும் என்று ஆசையாகத் திருகிப் பார்த்த பிள்ளைகள் உண்டு. ஆங்கிலத்தில் அந்தப் பலகைச் சொல்லுக்கு 'நிறமுள்ள' என்றும் பொருள். அது வெறும் தண்ணீராக வந்த நாளில்தான் பலருக்குப் படிப்பு ஆரம்பித்தது.

மே 5

திருத்தம். முதல் குறிப்பில் நாய் பாய்கிற படத்தில் இருப்பவன் ஊர்வலத்தில் வந்த பையன் என்று எழுதினேன். தவறு. ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார், நன்றி. அவன் வேடிக்கை பார்க்க வந்து நின்ற மாணவன், அணிவகுத்து வந்தவன் இல்லை. ஊர்வலத்துக்காகப் பயிற்சி எடுத்த பிள்ளைகள் வேறு. அடித்தால் திருப்பி அடிக்காமல் எப்படித் தலையை மூடிக்கொண்டு உட்காருவது, திட்டினால் எப்படிப் பேசாமல் இருப்பது என்றெல்லாம் தேவாலயத்தில் நாள்கணக்காகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பலமுறை பார்த்தும் எனக்கு இது தோன்றாததற்குக் காரணம், அவன் நிற்கிற நிற்பு. கையைத் தளர்த்திக்கொண்டு, முகத்தில் பயமே இல்லாமல் நிற்கிற மாதிரி தெரியும்.

நாய்க்கு ஊர்வலம், வேடிக்கை என்ற வித்தியாசம் தெரியாது. அன்று தெருவில் நின்ற கறுப்புத் தோல் எல்லாம் அதற்கு ஒன்றுதான். நாயை விட்டவருக்கும்.

மே 6, இரவு

இதை எழுத மூன்று நாளாகத் தள்ளிப்போட்டேன்.

"என் மகள் கேட்டிருந்தால் விட்டிருப்பேன்" என்று எழுதினேன் அல்லவா. அது உண்மையில்லை. நாங்கள் இருப்பது அட்லாண்டா பக்கம், அங்கிருந்து பர்மிங்காம் காரில் இரண்டரை மணி நேரம். போன மாதம் அவளைக் கூட்டிப் போனேன். தேவாலயத்துக்கு எதிரே கெல்லி இங்ரம் பூங்கா. அதில் நடைபாதையின் இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் பற்கள் தெரியப் பாய்கிற உலோக நாய்கள் இருக்கின்றன. நடுவே நடந்து போக வேண்டும். இவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தாள். அந்தப் பக்கம் போனதும் பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்ரி ஃபே ஹெண்ட்ரிக்ஸைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் வகுப்பு, 9 வயது, சிறைக்குப் போகிறேன் என்று தானே பெற்றோரிடம் சொல்லிவிட்டுப் போய் ஏழு நாள் உள்ளே இருந்தவள். மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் கேட்டா நீ விடுவியாம்மா?" என்றாள்.

நான் கைப்பேசியை எடுத்து, பார்க்கிங் நேரம் முடியப் போகிறது, எழுந்திரு என்றேன். இன்னும் நாற்பது நிமிடம் மிச்சம் இருந்தது.

அதைத்தான் இங்கே "விட்டிருப்பேன்" என்று மாற்றி எழுதினேன். வாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற வேகத்தில் வந்த சொல் அது. அழிக்கவில்லை, அங்கேயே இருக்கட்டும்.

ஆட்ரியின் அம்மா லோலா ஹெண்ட்ரிக்ஸைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டுப் புல் கானரிடமே நேரில் போய் நின்றவர் அவர். அனுமதி கிடையாது, சிறைக்கு வேண்டுமானால் அனுப்புகிறேன் என்று பதில் வந்தது. தானே அங்கே போய் நின்ற தாயால் மகளிடம் சரி சொல்ல முடிந்தது.

மே 8

"நம்ம ஊரை விட்டுவிட்டு அலபாமா எதற்கு?" என்று ஒருவர். விடவில்லை. எட்டு வயதில் லீவுக்குப் பாட்டி ஊருக்குப் போயிருந்தபோது டீக்கடைக் கூரையில் செருகியிருந்த அலுமினியக் குவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, பளபளவென்று இருந்தது. எனக்கும் அதில் பால் கொடுங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் பாட்டியைப் பார்த்தார், பாட்டி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இனிமேல் கேட்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. அந்தக் குவளையில் குடித்தவர்களின் பிள்ளைகளுக்கு என்னைவிட எவ்வளவோ முன்பாகவே எல்லாம் தெரிந்திருக்கும்.

கிங் 1959இல் இந்தியாவுக்கு வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனதைப் பின்னால் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். தீண்டாமைக்கு ஆளான குடும்பத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமை ஆசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளிடம் அறிமுகப்படுத்தினார். முதலில் அவருக்குச் சுருக்கென்றிருந்தது. யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், நான் அதுதான் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டார்.

மே 11

வேண்டாம் என்று சொன்னவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். அவர்களைக் கோழைகளாகக் காட்டுகிற மாதிரி ஆகிவிட்டது, எனக்கு அப்படி எண்ணமில்லை.

பின்னால் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான காண்டலீசா ரைஸ் அந்த நகரத்தில்தான் வளர்ந்தார், அப்போது 8 வயது. அவருடைய அப்பா போதகர், பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசகராகவும் இருந்தவர். பிள்ளைகளைப் போலீஸின் முன் நிறுத்துவதை அவர் ஏற்கவில்லை. அப்போது அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாக இருந்த ராபர்ட் கென்னடியும் எதிர்த்தார், கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸும் எதிர்த்தார். ஆண்மகன் தன் பிள்ளையைச் சண்டைக்கு முன்னால் நிறுத்தமாட்டான் என்கிற மாதிரி சொன்னார் மால்கம். இழையைத் தொடங்கிய நண்பரே, நீங்கள் கேட்டதும் இதேதான்.

பிள்ளைகளுக்கு விலை உண்டு என்பதும் உண்மை. ஒரு வாரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். இடம் போதாமல் சிலரைத் திறந்தவெளியில் அடைத்தபோது மழை பெய்தது. வெளியே நின்ற பெற்றோர்கள் வேலிக்கு மேலாகப் போர்வையையும் தின்பண்டத்தையும் எறிந்தார்கள். மே 10இல் உடன்பாடு வந்து, கடைகளின் சாப்பாட்டு மேசையும் துணி போட்டுப் பார்க்கும் அறையும் திறக்கப்படும் என்று அறிவித்தார்கள். பத்து நாளில் கல்வி வாரியம் 1,081 மாணவர்களைப் பள்ளியை விட்டு நீக்கியது. படிப்பு முடிய ஒரு சில வாரம்தான் இருந்தது. இரண்டே நாளில் மேல்முறையீட்டு நீதிபதி எல்பர்ட் டட்டில் அந்த உத்தரவை நிறுத்தாமல் இருந்திருந்தால் ஒரு வகுப்பே அந்த வருடத்தை இழந்திருக்கும்.

இந்த விலைக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். ஜூலையில் பர்மிங்காம் தன் பிரிவினைச் சட்டங்களை நீக்கியது. அந்தப் படங்கள் இல்லாமல் 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

மே 12, அதிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்று "விலை" என்ற சொல்லை எழுதிவிட்டுப் படுத்ததுதான் காரணம்.

அதே தேவாலயம், அதே வருடம், செப்டம்பர் 15, ஞாயிறு காலை. படிக்கட்டுக்கு அடியில் வைத்த டைனமைட் வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், மூவருக்கும் 14 வயது. டெனிஸ் மெக்நேர், 11. ஞாயிறு பள்ளிக்கு வந்து கீழ்த்தளத்து அறையில் ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். டெனிஸ், ரைஸின் விளையாட்டுத் தோழி. அன்றே அதே நகரத்தில் ஜானி ராபின்சன் என்ற 16 வயதுப் பையனைப் போலீஸ் முதுகில் சுட்டது. அண்ணன் ஓட்டிய சைக்கிளின் முன்னால் உட்கார்ந்து வந்த விர்ஜில் வேர், 13, வெள்ளைக்காரப் பையன் ஒருவன் சுட்டதில் இறந்தான். குண்டு வைத்தவர்களில் முதல் ஆள் தண்டனை பெற்றது 1977இல். மற்ற இருவருக்கு 2001, 2002 வரை ஆனது. டெனிஸ் உயிரோடிருந்தால் அப்போது ஐம்பது வயது.

இந்தப் பிள்ளைகள் அன்று எந்த ஊர்வலத்திலும் இல்லை. மே 4 மாலை நான் எழுதியதுதான் திரும்ப வருகிறது. வீட்டிலேயே வைத்திருந்தால் பத்திரம் என்று ஒரு அம்மா சொல்ல முடியாத ஊர் அது. அதற்காக என் பதில் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அவளை விடுவேனா என்று இன்னும் சொல்ல முடியவில்லை.

ஜூன் 9

இழை தூங்கிவிட்டது, ஒரு சேதிக்காக எழுப்புகிறேன். இந்தச் சனிக்கிழமை மறுபடி பர்மிங்காம் போனோம், மகள் கேட்டாள் என்று. வழியில் காரிலேயே சொன்னேன், அன்றைக்கு நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எழுந்துவிட்டேன், பயமாக இருந்தது என்று. "எனக்குத் தெரியும், நேரம் பார்த்தேன், நாப்பது நிமிஷம் இருந்துச்சு" என்றாள்.

பூங்காவில் நாய்களுக்கு நடுவே இந்த முறை தனியாகப் போனாள். கண்ணை மூடவில்லை. பாதியில் நின்று ஒன்றின் பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தாள். வெயிலில் சுடுகிறதாம்.